துரு எங்க பிடிக்கும்? ஷெர்மன் டேங்க் மாடல்ல ஆரம்பிச்ச ஒரு வெதரிங் கேள்வி-பதில் இழை

கேள்வி: நெல்லிக்குப்பம் வாசகர், 8 செப்டம்பர் 2024

டாமியா கம்பெனியோட 1/35 (நெசத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு) அமெரிக்க ஷெர்மன் டேங்க் மாடல் முடிச்சிட்டேன், ரெண்டு மாச வேலை. ஏர்பிரஷ்ல (காத்தால பெயின்ட் தெளிக்கிற கருவி) ஆலிவ் கலர் ஒரு திட்டு இல்லாம வந்திருக்கு. காட்டுன எடத்துல எல்லாம் "வெதரிங் பண்ணலியா, பொம்மை மாதிரி இருக்கே"ன்றாங்க. வெதரிங்னா, ஓடிப் பழசான வண்டி மாதிரி அழுக்கு, துரு, தேய்மானம் எல்லாம் பெயின்ட்ல காட்டுறது. வீடியோல பாத்தா ஒவ்வொரு டேங்கும் காயலான் கடைல கெடக்குற சாமான் மாதிரி இருக்கு. நல்லா அடிச்ச பெயின்ட் மேல அழுக்கப் பூசுறது மாடலக் கெடுக்குறதுன்னு தான் எனக்குத் தோணுது. அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

8 செப்டம்பர் 2024, ராத்திரி

தம்பி, நீங்க சொல்றதுல பாதிக்கு எனக்கும் சம்மதம். நான் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கிட்ட ஒரு ஐஸ் பிளான்ட்ல ஆபரேட்டர், 19 வருஷம் ஆச்சு. தினமும் எட்டு மணி நேரம் உப்புத்தண்ணிக்கும் இரும்புக்கும் நடுவுல நிக்கிறவன். அந்தக் கண்ணோட வீடியோ டேங்கப் பாத்தா எனக்குக் கோவமே வருது, ஏன்னா துரு அப்புடிப் பிடிக்கவே பிடிக்காது.

எங்க பிளான்ட்ல ஐஸ் பார் உறையுற கேன் இருக்கே, அது ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு. உப்புத்தண்ணித் தொட்டில முக்காவாசி முங்கியே கெடக்கும். புதுக் கேன் வந்தா மொதல்ல வெள்ளையா மாவு பூத்த மாதிரி ஆவும், அது மேல இருக்குற துத்தநாகம் கரையுறது. செவப்புத் துரு அப்ப வராது. அப்புறம் எங்க வரும்னா, கிரேன் கொக்கி மாட்டுற காதுல, கேனும் கேனும் இடிக்கிற விளிம்புல, அடியில வெல்டிங் ஓரத்துல. கொக்கி தேச்சுத் தேச்சு துத்தநாகம் போன எடத்துல ஒரு புள்ளியா ஆரம்பிச்சு கீழ கோடா எறங்கும். நடுத் தகடு வருஷக்கணக்குல அப்புடியே இருக்கும்.

இப்ப உங்க ஷெர்மனுக்கு வருவோம். 1942ல தான் உற்பத்தியே ஆரம்பம், 1945ல ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சிடுச்சு. அந்தப் போர்ல சண்டைக்குப் போன எந்த ஷெர்மனுக்கும் வயசு நாலு வருஷம்கூடக் கெடையாது, அதுலயும் நெறைய வண்டி மாசக்கணக்குல அடிபட்டுப் போயிருக்கும். அதுல எப்புடி உடம்பு முழுக்க துரு வழியும்? புழுதி இருக்கும், சேறு இருக்கும், எண்ணெய் ஒழுகி இருக்கும், ஆளு ஏறி எறங்குற எடத்துல பெயின்ட் தேஞ்சிருக்கும், சைலன்சர் மட்டும் சூட்டுல பெயின்ட் கருகி நல்லா துருப்பிடிச்சிருக்கும். அவ்ளோ தான்.

அதுக்காக ஒண்ணுமே பண்ணாம விடாதீங்க. ஓடாத வண்டி மாதிரி இருக்கும்.

9 செப்டம்பர் 2024

நேத்து தூக்கக் கலக்கத்துல ஒண்ண விட்டுட்டேன், இன்னொருத்தர் கேட்டதால சொல்றேன். ஏர்பிரஷ்ல அடிச்ச அக்ரிலிக் மேல ஆயில் பெயின்ட் வாஷ் (பள்ளத்துல நிக்கிற மாதிரி தண்ணியா கரைச்ச பெயின்ட்) குடுக்குறதுக்கு முன்னாடி கிளாஸ் வார்னிஷ் (பளபளப்பு வார்னிஷ்) ஒரு கோட் கண்டிப்பா அடிங்க. மேட் பெயின்ட் (பளபளப்பில்லாதது) சொரசொரன்னு இருக்கும், வாஷ் மொத்தமும் அதுல உறிஞ்சி கறையாயிடும். வழவழன்னு இருந்தா தான் பள்ளத்துல மட்டும் போயி நிக்கும், மிச்சத்த டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால தொடச்சி எடுத்துடலாம். எல்லாம் முடிஞ்சப்புறம் மேட் வார்னிஷ்.

வெளிநாட்டு வாஷ் பாட்டில் வாங்கணும்னு அவசியமே இல்ல. கேமல் ஆயில் கலர் ட்யூப்ல பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, கருப்பு, வெள்ளை நாலும் போதும். ட்யூப்ல இருந்து பிதுக்குனதும் ஒரு அட்டத்துண்டு மேல வச்சி அர மணி நேரம் விடுங்க, எண்ணெய அட்டை குடிச்சிடும், அப்புறம் பளபளப்பில்லாம காயும். நான் மொத ரெண்டு வருஷம் இது தெரியாம, காயவே மாட்டேங்குதேன்னு வெயில்ல வச்சி, ஒரு ஏரோப்ளேன் றெக்கை வளைஞ்சி போனது தான் மிச்சம்.

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

காலைல மீன் எறங்குற நேரம் முடிஞ்சி துறைமுகத்துல ஒரு மணி நேரம் நடந்தேன், இந்த இழைக்காகவே தான். விசைப்படகுல இழுவை மடிக்கு (கடலடில இழுக்குற வலை) ரெண்டு பக்கமும் கட்டுற பலகை இருக்குல்ல, மரப்பலகை, ஓரத்துல இரும்புப் பட்டை. ரெண்ட எறக்கி வச்சிருந்தாங்க. மேல் பட்டைல கெட்டியான கரும்பழுப்புத் துரு. கீழ் பட்டை, அதாவது கடலடி மணல்ல உரசிட்டே போற பக்கம், வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னுது. ஒரே இரும்பு, ஒரே படகு, ஒரே உப்புத்தண்ணி. மேல கீழ ஒரு ஒன்றரை அடி வித்தியாசம்.

உங்க டேங்க் செயின்லயும் இது தான் கணக்கு. தரையில படுற எடமும், சக்கரம் ஓடுற எடமும் மின்னும், பக்கவாட்டு மட்டும் துரு. ஆனா உங்க கிட்ல (மாடல் பெட்டில) வந்தது ரப்பர் பட்டை வச்ச செயினான்னு பாத்துக்கங்க. ஷெர்மனுக்கு ரெண்டு வகையும் உண்டு. ரப்பர் செயினா இருந்தா கட்டைகள சேக்குற இரும்புக் கொண்டில மட்டும் தான் துரு வைக்கணும். சக்கரத்தச் சுத்தி இருக்குறதும் ரப்பர், அங்க சில்வர் கலர் தொட்டுடாதீங்க.

இன்னொண்ணு, அளவு. 1/35ல ஒரு மில்லிமீட்டர்னா நெசத்துல மூணரை செ.மீ. ஸ்பான்ஜ்ல தொட்டுத் தொட்டு ரெண்டு மில்லிக்குப் பெயின்ட் பேந்த மாதிரி பண்றாங்க, அது நெசத்துல ஏழு செ.மீ. ஓட்டை! அந்த மாதிரி அம்பது எடம் இருந்தா அந்த வண்டிய யாரு ஓட்டுவாங்க? பிரஷ் நுனில ஒரே ஒரு மயிர் தொடுற அளவுக்குப் பண்ணுங்க, கை நடுங்குனா அன்னிக்கு வேண்டாம்.

22 செப்டம்பர் 2024

இன்னிக்குத் தேதியப் பாத்ததும் தலைப்ப விட்டு வெளிய போறேன், பொறுத்துக்கங்க. 1914ல இதே செப்டம்பர் 22 ராத்திரி தான் எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துல எண்ணெய் டேங்க்குகளச் சுட்டு எரிச்சிட்டு ஓடிப்போச்சு. எங்க ஆயா யாரையாவது பலே ஆளுன்னு சொல்லணும்னா "சரியான எம்டன்"னு தான் சொல்லும், அது ஒரு கப்பல் பேருன்னே எனக்கு முப்பது வயசுல தான் தெரியும்.

ரெவெல் கம்பெனி 1/350ல அந்தக் கிட் இருக்கு. நெசக் கப்பல் 118 மீட்டர், மாடல் சுமாரா 34 செ.மீ. வரும். இந்த அளவுல ஒரு மில்லின்னா 35 செ.மீ. ஆவுது, அதனால பிரஷ்ல கோடு கோடா துரு இழுத்தா ஒரு ஆள் அகலத்துக்குத் துரு வழியுற மாதிரி ஆயிடும். 1/350ல நான் நம்புறது கலர மங்கடிக்கிறது மட்டும் தான். தூரத்துல இருந்து பாக்குற கப்பல் எப்பவும் கொஞ்சம் வெளிறித் தான் தெரியும், சில்வர் பீச்ல நின்னு பாத்தா தெரியும், கருப்புப் படகு கூட சாம்பலாத் தான் தெரியுது. அதனால மாடல் சின்னதாக ஆக, கலர்ல கொஞ்சம் கொஞ்சமா வெள்ளை கலக்கணும்.

எம்டன் விஷயத்துல அழுக்குக்கு நல்ல காரணம் இருக்கு. ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுல அடிபடுற வரைக்கும் அதுக்கு ஒழுங்கா ஒரு டாக் (கப்பல் பழுதுபாக்குற எடம்) கெடைக்கல. நிலக்கரிய வேற கப்பல்ல இருந்து பக்கவாட்டுல கட்டிக்கிட்டே ஏத்துனாங்க. ரெண்டு இரும்புச் சுவரு அலையில மோதிக்கிட்டே இருந்தா நடுப்பக்கத்துல பெயின்ட் என்ன ஆவும்? கரித்தூள் எங்க படியும்? அத யோசிச்சிட்டு பிரஷ் எடுத்தா போதும், வீடியோ பாக்கவே வேண்டாம். பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு மூணு புகைபோக்கியோட நாலாவதா ஒரு பொய்ப் புகைபோக்கி வச்சாங்கல்ல, அத மாடல்ல வைக்கிறவங்க அதுக்கு மட்டும் கரி பூசாதீங்க. அதுல புகையே வராது!

29 செப்டம்பர் 2024

திருத்தம். போன வாரம் ஒருத்தருக்குத் தனியா பதில் எழுதறப்ப, ஃபைபர் படகுக்குத் துருவே கெடையாது, வெயில்ல வெளுக்குறதும் வெடிப்பும் மட்டும் தான்னு அடிச்சி சொல்லிட்டேன். புதுச்சேரி தேங்காய்த்திட்டுல இருந்து ஒரு அண்ணன் "உங்க ஊர் படகுக்கு போல்ட்டே இல்லையா"ன்னு கேட்டிருந்தாரு. சரியாத் தான் கேட்டிருக்காரு. நேத்து சிங்காரத்தோப்புல போயி உக்காந்து பாத்தேன். ஃபைபர் துருப்பிடிக்காது தான், ஆனா இன்ஜின் மாட்டுற எடத்து போல்ட்டு, நங்கூரக் கயிறு கட்டுற வளையம், இதுல இருந்தெல்லாம் துரு தண்ணில கரைஞ்சி வெளுத்த நீலத்து மேல ஆரஞ்சா ஒழுகி இருக்கு. இரும்பு படகவிட ஃபைபர் படகுல தான் அது பளிச்சுன்னு தெரியுது, ஏன்னா சுத்தி வேற துருவே இல்ல. ஒரு போல்ட்டுக்கு ஒரு ஒழுகல். அவரு சொல்லலன்னா என் படகுல தப்பா விட்டிருப்பேன்.

என் படகு பத்திச் சொல்லல இல்ல. 45 அடி விசைப்படகு ஒண்ண 1/48ல மொதல்ல இருந்து சொந்தமா கட்டிட்டிருக்கேன், கிட் எதுவும் இல்ல, முழு நீளம் 28 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. இந்த வருஷம் தடைக்காலத்துல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளும் படகு கரையில ஏத்தி நிக்கும், பிளான்ட்லயும் வேல கொறைவு, அப்ப தான் டேப்பு வச்சி நெசப் படக அளந்தேன். ஓனரு நல்ல மனுஷன், ஏணி குடுத்தாரு. கூண்டு (படக ஓட்டுறவரு நிக்கிற அறை) பிளாஸ்டிக் ஷீட், உடம்பு மரச்சட்டத்து மேல மெல்லிசா ஒட்டுன பட்டை, இடுக்கு அடைக்க ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும். அது ஒரு செகண்டுல கல்லு மாதிரி ஆயிடும், அன்னிக்கே தேச்சிடுங்க, மறுநாள் உப்புத்தாள் தான் தேயும்.

13 அக்டோபர் 2024

பெயின்ட் பேந்த மாதிரி காட்டுற ஹேர் ஸ்ப்ரே முறை பத்திக் கேட்டவங்களுக்கு. அடியில துருக் கலர், அது நல்லா காஞ்சதும் வார்னிஷ், அப்புறம் ஹேர் ஸ்ப்ரே மெல்லிசா ரெண்டு தடவ, அது மேல நெசக் கலர் அக்ரிலிக்ல. இருவது நிமிஷம் கழிச்சி தண்ணி தொட்டு முரட்டு பிரஷ்ஷால தட்டுனா ஹேர் ஸ்ப்ரே கரைஞ்சி மேல் பெயின்ட் பேந்து வரும். டாமியா பெயின்ட்ட லேக்கர் தின்னர்ல கலந்து அடிச்சா கெட்டியா புடிச்சிக்கும், பேராது. தண்ணில கலந்து அடிங்க.

உப்பு முறையும் பண்ணிப் பாத்தேன். மரக்காணம் கல்லுப்ப இடிச்சி ஈரத்துல தூவி, காஞ்சதும் பெயின்ட் அடிச்சி, அப்புறம் தட்டி விடுறது. பெரிய திட்டுக்கு நல்லா வருது. ஆனா உப்ப முழுசா கழுவி எடுக்கலன்னா நம்ம ஊர் காத்துல அது ஈரம் இழுக்கும், மூணாம் வாரம் வார்னிஷுக்கு அடியில வெள்ளையா பூத்துச்சி. மறுபடி உரிச்சி அடிச்சேன்.

பேந்த எடத்துல மொதல்ல தெரியவேண்டியது சில்வர் இல்ல, ரெட் ஆக்சைடு. லாரிக்கும் படகுக்கும் இங்க அடியில அது தான் அடிக்கிறாங்க, ஜெர்மன் டேங்குக்கும் செவப்பு பிரைமர் தான். ரெட் ஆக்சைடும் தேஞ்சா தான் இரும்பு.

20 அக்டோபர் 2024

மழை ஆரம்பிச்சிடுச்சி. லேக்கர் பெயின்ட் அடிக்கிறவங்க கவனம். நேத்து ராத்திரி கூண்டுக்கு வெள்ளை அடிச்சேன், காலைல பால் ஊத்துன மாதிரி மங்கலா இருக்கு. தின்னர் ஆவியாவறப்ப அந்த எடம் குளுந்துடும், காத்துல இருக்குற ஈரம் அது மேல படிஞ்சி பெயின்ட்டுக்குள்ள மாட்டிக்கும். எங்க பிளான்ட்ல குழாய் மேல பனி புடிக்கிறதும் இதே சங்கதி தான். மெதுவா காயுற தின்னர் கலந்து மெல்லிசா மறுபடி ஒரு கோட் அடிச்சா சரியாவுது. மே மாசம் இதுக்கு நேரெதிர், ஏர்பிரஷ் மூக்குலயே பெயின்ட் காஞ்சி அடைச்சிக்கும். கம்ப்ரசர்ல ஈரம் புடிக்கிற டப்பா இல்லாதவங்க இந்த ரெண்டு மாசம் அடிக்கவே வேண்டாம், பிரஷ் வேல பாருங்க.

ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர பிளாஸ்டிக் மேல நேரா தொடாதீங்க, கரைச்சிடும். பிரஷ் கழுவ மட்டும்.

24 அக்டோபர் 2024

மாஸ்க் பத்தி ஒரு அவசரக் குறிப்பு. லேக்கர் அடிக்கிறப்ப பிளான்ட்ல இருந்து பழைய கேனிஸ்டர் மாஸ்க் (ஆவிய வடிகட்டுற டப்பா வச்சது) ஒண்ண கொண்டாந்து போட்டுக்குறேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தேன். அவரு கெமிக்கல் கம்பெனில இருக்குறவரு, கேனிஸ்டர்ல என்ன கலர் பட்டை இருக்குன்னு கேட்டாரு. போயி பாத்தேன், பச்சை, கே-ன்னு போட்டிருக்கு. அது அம்மோனியாவுக்கு மட்டும் தான். தின்னர் ஆவிக்கு ஏ-ன்னு போட்ட பழுப்புப் பட்டை வேணும். மூணு வருஷமா வேற கேனிஸ்டரப் போட்டுக்கிட்டு பத்திரமா இருக்கோம்னு நெனச்சிட்டிருந்திருக்கேன். என்95 தூசிய மட்டும் தான் நிறுத்தும், ஆவிய நிறுத்தாது. நான் சொன்னதக் கேட்டு யாராவது அப்புடிப் பண்ணியிருந்தா இன்னிக்கே நிறுத்திடுங்க. சன்னலத் தொறந்து வச்சி, ஃபேன வெளிய பாக்க வச்சி அடிங்க. பொண்ணு ரூம்ல இருக்குறப்ப நான் இப்ப அடிக்கிறதே இல்ல.

29 நவம்பர் 2024

புயல் வருதுன்றாங்க. பிளான்ட்ல ராத்திரி டூட்டி. படகு மாடல ரெண்டு பாலிதீன் கவர் போட்டு பீரோ மேல வச்சிட்டேன். எல்லாரும் பத்திரமா இருங்க. 2011 டிசம்பர் 30ல வந்த 'தானே' புயல இன்னும் மறக்கல.

8 டிசம்பர் 2024

ரொம்ப பேரு கேட்டிருந்தீங்க, நாங்க நல்லா இருக்கோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையேறி நகராமயே நின்னுச்சி, புதுச்சேரில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. எங்க தெருவுல முழங்கால் தண்ணி, அது வடிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் தென்பெண்ணைல வெள்ளம் வந்தது தான் கொடுமை. தங்கச்சி வீடு ஆத்துக்குப் பக்கம். இடுப்பு மட்டும் தண்ணி, ரெண்டு நாள். ஆளுங்கள மொதல்லயே கூட்டியாந்துட்டோம், சாமான் எதையும் எடுக்க முடியல.

அவ பையனுக்கு நான் பொறந்த நாளுக்கு வாங்கிக் குடுத்த 1/72 ஸ்பிட்ஃபயர் பெட்டி கட்டிலுக்கு அடியில இருந்திருக்கு. பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகல, கழுவுனா புதுசு. டெகால் ஷீட் (தண்ணில நனைச்சி மாடல்ல ஒட்டுற அடையாளங்க) தான் தண்ணில ஊறி, றெக்கைல ஒட்டுற வட்டம் எல்லாம் தனித்தனியா கழண்டு சேத்துல ஒட்டிக் கெடந்துச்சி. அவன் அதப் பாத்து அழுதான். கையால பெயின்ட் பண்ணிடலாம்டான்னு சொல்லியிருக்கேன், வட்டத்துக்கு காம்பஸ்ல கட்டர் மாட்டி மாஸ்கிங் டேப் வெட்டணும்.

வீடு கழுவிக்கிட்டே சுவத்தப் பாத்தேன். இத எழுதலாமான்னு யோசிச்சேன், தங்கச்சியே எழுதுண்ணான்னுட்டா. வெள்ளக் கோடு ஒரே கோடா இல்ல. தண்ணி ஒரேயடியா வடியல, நின்னு நின்னு எறங்கியிருக்கு, நின்ன எடத்துல எல்லாம் ஒரு கோடு. ஏழு எண்ணுனேன். மேல இருக்குறது மெல்லிசு, வெறும் நுரையும் குச்சியும் ஒட்டுன கோடு. கீழ வர வர சேறு கனமாவுது. மூலைல கோடு கொஞ்சம் மேல ஏறி இருக்கு. சன்னல் கம்பிக்குப் பின்னாடி சேறே இல்லாத நிழல் மாதிரி ஒரு எடம். இதுக்கு முன்னாடி ரெண்டு டயோரமால (ஒரு எடத்தையே சின்னதா பண்ற காட்சி மாடல்) வெள்ளச் சுவரு பண்ணியிருக்கேன், ரெண்டுலயும் ஸ்கேல் வச்ச மாதிரி ஒரே கோடு. ரெண்டுமே தப்பு.

கேஸ் சிலிண்டர் அடி வளையம் மூணு நாள்ல துருவேறிடுச்சி. பளீர்னு ஆரஞ்சு, மஞ்சள் கலந்த மாதிரி, வெரல்ல ஒட்டுற பவுடர். பழைய துரு இப்புடி இருக்காது, அது காப்பிக்கொட்டை கலர், தட்டுனா செதில் செதிலா வரும். அதனால மாடல்ல எந்த துருவப் போட்டாலும் அதுக்கு வயசு என்னன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க. ஆரஞ்ச மொதல்ல போட்டு மேல கரும்பழுப்பு போட்டா தலைகீழாயிடும், பழசு அடியில, புதுசு மேல, அதுவும் விளிம்புல மட்டும்.

15 டிசம்பர் 2024

ஆத்துச் சேறு கொஞ்சம் ஒரு டப்பால எடுத்து வச்சேன். காய வச்சி, தோசைக்கல்லுல வறுத்து (வறுக்கலன்னா பூஞ்சை புடிக்கும்), வேட்டித் துணில சலிச்சி மாடல் அடியில தூவிப் பாத்தேன். மினுமினுன்னு மின்னுது. அபிரகம் கலந்திருக்கு, 1/35ல அது கண்ணாடித் துண்டு கெடக்குற மாதிரி தெரியுது. நெச மண்ணே போட்டாலும் நெசமா தெரியாதுன்றத ஒத்துக்க வேண்டியிருக்கு. களிமண்ண மட்டும் பிரிச்செடுத்தா சரி வரும், எப்புடின்னு அப்புறம் எழுதுறேன்.

26 டிசம்பர் 2024

சுனாமி வந்து இருவது வருஷம். காலைல அப்பாவோட தேவனாம்பட்டினம் போயி பால் ஊத்திட்டு வந்தோம்.

அப்பாகிட்ட கட்டுமரம் இருந்துச்சி. அன்னிக்குப் போனது தான், ஒரு கட்டை கூடக் கெடைக்கல. அவரு அதுக்கப்புறம் கடலுக்குப் போகல, நான் அடுத்த வருஷம் ஐஸ் பிளான்ட்ல சேந்துட்டேன். கரை முழுக்க ஃபைபர் படகு வந்தது அதுக்கப்புறம் தான். இந்த மாசம் அவருக்கு ஒரு கட்டுமரம் 1/24ல பண்ணிக் குடுத்தேன், அதப்பத்தித் தான் இன்னிக்கு எழுதணும்னு இருந்தேன்.

மரம்னாலே பழுப்புன்னு பெயின்ட் அடிக்கிறோம். வெயில்லயும் உப்புலயும் கெடந்த மரம் பழுப்பா இருக்காது, சாம்பல், கொஞ்சம் வெள்ளி ஓடுன சாம்பல். மேல் தோலுதான் அப்புடி, வெட்டுன எடத்துலயும் கயிறு உரசுன பள்ளத்துலயும் மட்டும் உள் மரம் மஞ்சளா தெரியும். இத பெயின்ட்ல கொண்டாரதுக்கு ரெண்டு தடவ முயற்சி பண்ணி புடிக்கல. அப்புறம் வேற வழி. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார (ஸ்டீல் இல்ல, துருப்பிடிக்கிற நார்) வினிகர்ல ரெண்டு நாள் போட்டு வச்சேன். ஐஸ் குச்சி மரத்துல கறை ஏற எதுவும் கெடையாது, அதனால மொதல்ல கடுந்தேயிலைத் தண்ணி ரெண்டு தடவ பூசி காய வச்சி, அது மேல அந்த இரும்புத் தண்ணிய பூசுனா கண்ணு முன்னாடியே சாம்பலாவுது. தேயிலைல இருக்குற துவர்ப்பும் இரும்பும் சேர்ற வேல அது. தேயிலை கெட்டியா இருந்தா கருப்புக்கே போயிடும், குச்சி ஒண்ணுல பாத்துட்டு பண்ணுங்க.

அப்பா கைல வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் "கட்டு மாத்திக் கட்டியிருக்க"ன்னாரு. முன்பக்கக் கயிறு மூணாவது கட்டைக்கு அடியில போயி மேல வரணுமாம். அவரே கழட்டி, தையல் நூல எச்சில் தொட்டு, கண்ணாடி இல்லாமயே மறுபடி கட்டுனாரு. வெரல் எல்லாம் அதுவா போவுது. நான் அதுக்கப்புறம் அதத் தொடல.

5 ஜனவரி 2025

களிமண் பிரிக்கிறது சொல்றேன்னு சொன்னேன்ல. தண்ணில கலக்கி ஒரு நிமிஷம் விடுங்க, மணல் அடியில போயிடும். மேல் கலங்கல் தண்ணிய வேற டப்பால ஊத்தி ராத்திரி விடுங்க, காலைல அடியில படிஞ்சது தான் வேணும். மேல் தண்ணிய எறுத்துட்டு காய வச்சா பவுடர் மாதிரி, மினுக்கு ரொம்பக் கொறைஞ்சிடும். மார்கழிக்கு வாசல்ல கோலத்துக்கு ஓரமா இழுக்குற காவி இருக்கே, அதையும் இதே மாதிரி பண்ணுங்க. காவின்றதே இரும்பு ஆக்சைடு தான், துருவுக்கு சொந்தக்காரன். சியன்னா, அம்பர் ட்யூபுல இருக்குறதும் இரும்பு கலந்த மண்ணு தான். பத்து ரூபா காவில பத்து வருஷத்துக்குப் பவுடர் கெடைக்குது. மனைவி கோல டப்பால கை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க, எங்க வீட்டுல இப்ப எனக்குன்னு தனியா ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்துட்டாங்க.

இடிஞ்சி விழுந்த புதுச்சேரி பழைய துறைமுகப் பாலத்த டயோரமா பண்றேன்னு சொன்னவருக்கு: கடல்ல நிக்கிற கால்ல துருவும் அரிப்பும் எப்பவும் தண்ணிக்குள்ள இருக்குற எடத்துல அதிகமா இருக்காது. அலை அடிச்சி நனைஞ்சி காஞ்சி நனைஞ்சி காஞ்சிட்டு இருக்குற, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல உள்ள எடம் தான் மோசம். உப்பும் காத்தும் ரெண்டும் அங்க தான் ஒண்ணா கெடைக்குது. கான்கிரீட் கால்ல உள்ள கம்பி துருப்பிடிச்சா பருத்துடும், அதால கான்கிரீட் சில்லு சில்லா வெளிய பேந்து விழும். மொதல்ல நீளவாக்குல ஒரு வெடிப்பு, அதுல ஆரஞ்சு ஒழுகல், அப்புறம் தான் பேரும். அந்த வரிசைல பண்ணுங்க.

19 ஜனவரி 2025

நெல்லிக்குப்பம் தம்பி பொங்கல் முடிஞ்சி ஷெர்மன ஒரு ஸ்வீட் டப்பால வச்சி பஸ்ல நேராவே கொண்டாந்துட்டாரு. வீட்டுக்கு வந்தா பிளான்ட்டப் பாக்கணும்னாரு, கூட்டிப்போனேன். கேன் காதுல துரு எறங்குறத டார்ச் அடிச்சி அர மணி நேரம் பாத்தாரு.

டேங்க்க பத்தி: சைலன்சர் அருமை. அடிப்பக்கம் புழுதி கீழ கனமா, மேல போகப் போக இல்லாமப் போவுது, அளவா நிறுத்தியிருக்காரு. டிரைவர் ஏறுற எடத்துல மட்டும் பெயின்ட் தேஞ்சி லேசா பளபளப்பு, பென்சில் கரியால தேச்சாராம், நான் அத யோசிச்சதே இல்ல, என் படகு படிக்கட்டுக்கு அதையே பண்ணப் போறேன். அவரோட ஆலிவ் கலர் பெரும்பாலும் அப்புடியே இருக்கு, பாக்க சந்தோஷமா இருந்துச்சி. ஒரே சண்டை, சக்கரத்து ரப்பர் ஓரத்துல மூணு எடத்துல சில்வர் இருக்கு. செப்டம்பர்லயே சொன்னேன்ல தம்பின்னு கேட்டேன். அது பிரஷ் தவறுனதாம், கருஞ்சாம்பல் தொட்டு மூடிடுறேன்னாரு.

என் படகுல வின்ச் (வலை இழுக்குற கம்பி சுத்துற உருளை) மட்டும் பாக்கி. நெச வின்ச் கம்பிக்கு கிரீஸ் போடுவாங்க, அதனால துரு கெடையாது, எண்ணெய்க் கருப்பு, டிரம் ஓரத்துல உரசுற எடத்துல மட்டும் மின்னணும். கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடைல மெல்லிசு காப்பர் ஒயர் ரெண்டு முழம் கேட்டு வாங்கி வச்சிருக்கேன், மூணு இழையா முறுக்கிட்டு தான் சுத்தணும். முறுக்குறதுக்கு கை ட்ரில் வேணும், அது பிளான்ட்ல இருக்கு. திங்கக்கிழம டூட்டி முடிஞ்சி எடுத்தாரேன்.